நாயகர்களை விட்டுவிட்டு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நாவல்களோடு என் ஆட்ட அனுபவம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதையை நகர்த்தும் ஆட்டம். அதை நடத்துபவருக்கு இரண்டு வகைப் புத்தகங்கள் உதவுகின்றன. ஒன்று, வரைபடமும் அட்டவணையும் நிறைந்த உலகக் கையேடு. மற்றொன்று, அதே உலகத்தில் நடப்பதாக எழுதப்பட்ட ஃபேன்டஸி நாவல். நீண்ட காலமாக டன்ஜன் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, உட்காரும் எனக்கு இரண்டாவது வகைதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது. ஓர் ஊரில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று கையேடு சொல்லிவிடும். அவர்களுக்கு யார்மேல் எதற்காகக் கோபம் என்பதை நாவலில்தான் படிக்க முடியும். மாதக்கணக்கில் ஓடும் தொடராட்டத்துக்கு அந்தக் கோபம்தான் எரிபொருள்.

நான் மிக அதிகமாகப் பயன்படுத்திய நூல், ஆர். ஏ. சால்வடோர் எழுதி 1988-இல் வெளிவந்த 'தி கிரிஸ்டல் ஷார்ட்'. இந்த ஆட்டத்துக்கான கற்பனை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் வடகோடியில் இருக்கும் ஐஸ்விண்ட் டேல் பனிவெளிதான் களம். மூன்று ஏரிகள், பத்துச் சிற்றூர்கள். நக்கில்ஹெட் டிரவுட் என்ற மீனை நம்பித்தான் அத்தனை பேரும் பிழைக்கிறார்கள். அதன் தலை எலும்பு தந்தத்தைப் போலச் செதுக்க வாகானது. அந்தச் சிற்பங்களை வாங்கத் தெற்கிலிருந்து வணிகர்கள் வருகிறார்கள். ஆகவே எந்தப் படகு எந்த நீரில் வலை போடலாம் என்பதே அங்கே பெரிய அரசியல். மேர் டுவால்டன் ஏரியில் டார்கோஸுக்கும் டெர்மலேனுக்கும் தகராறு. லாக் டினஷியர் ஏரியில் கேர்-கோனிக்கும் கேர்-டினவலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன. பெரும்படை திரண்டு வரும்போதும் பழைய பகையை விட்டு ஒன்றுசேர இந்த ஊர்களுக்கு மனம் வருவதில்லை.

நாவலில் இவை நாயகர்களின் சாகசத்துக்குப் பின்னணி மட்டுமே. எங்கள் மேசையில் இதுவே கதையாகிவிட்டது. ஆட்டக்காரர்களை டெர்மலேனின் படகுக் குடும்பத்தினராகத் தொடங்க வைத்தேன். மதில் சூழ்ந்த ஊரான பிரின் ஷாண்டரில் பத்து ஊர்ப் பிரதிநிதிகளும் கூடும் சபையை ஓர் அமர்வு முழுக்க நடத்தினோம். "வில்லாளிகளைத் தருகிறோம். ஆனால் ஏரியின் எல்லையை இன்றே எழுதிக் கையெழுத்திடுங்கள்" என்று ஓர் ஆட்டக்காரர் டார்கோஸ் தரப்பை மடக்கினார். இன்னொருவர், "எல்லைக் கல் நடும்வரை ஊர் தாங்குமா?" என்று தன் கூட்டாளியையே எதிர்த்தார். அன்று யாரும் பகடையைத் தொடவில்லை. பின்னர் நடந்த முற்றுகைச் சண்டையில் டார்கோஸ் படகோட்டி ஒருவன் செத்தபோது மேசையே துடித்துப்போனது. அவனோடு அதற்கு முன்பே வாய்ச்சண்டை போட்டுப் பழகியிருந்தார்களே!

நாவலின் நாயகனான டிரிஸ்ட்டை, எல்ஃப் என்ற மாய இனத்தைச் சேர்ந்த அந்த வீரனை, என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். என் மேசைக்கு அவனை நான் அழைப்பதே இல்லை. மலையடிவாரத்தில் கறுத்த எல்ஃப் ஒருவன் சுற்றுகிறான் என்ற வதந்தியோடு சரி. புகழ்பெற்ற வீரன் ஒருவன் வந்து நின்றால், ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் அவன் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தங்கள் முடிவுக்கு மதிப்பில்லை என்று அவர்களுக்குத் தோன்றிய நொடியில் தொடராட்டம் செத்துவிடுகிறது.

ஆட்டத்தின் இன்னொரு கற்பனை உலகமான டிராகன்லான்ஸ் இதற்கு நல்ல சாட்சி. மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதிய முதல் நாவலும், அதே கதையை மேசையில் ஆடுவதற்கான ஆட்டத் தொகுதியும் 1984-இல் வெளிவந்தன. தொகுதியில் ஆட்டக்காரர்கள் டானிஸ், ரெய்ஸ்ட்லின், ஸ்டர்ம் என்று நாவலின் பாத்திரங்களையே ஏற்று ஆடலாம். கதைக்குத் தேவைப்படுபவர் செத்துவிட்டால் பிறகு எப்படியாவது திரும்பி வரும்படி, சாவைத் தெளிவில்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்லும் விதியும் அதில் உண்டு. எனக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. உயிர் போகாது என்று தெரிந்த பிறகு வாளை உருவுவதில் என்ன பயம் இருக்கிறது? ஆனால் அந்த உலகம் அருமையானது. சொலேஸ் என்ற ஊரில் வீடுகள் ராட்சத மரங்களின் மேல் இருக்கின்றன. தெருக்களுக்குப் பதில் தொங்குபாலங்கள். அந்த உலகைத் தாக்கிய பேரழிவுக்குப் பிறகு தங்கம் மதிப்பிழந்துபோக, எஃகே நாணயமாகிவிட்டது. உடைந்த வாள்கூடப் பணம். ஆட்டக்காரர்கள் செத்த எதிரியின் கவசத்தைப் பார்க்கும் பார்வையே இதனால் மாறிவிடுகிறது. இப்படி ஒரு செய்தி கிடைத்தால் எனக்குப் பத்து அத்தியாயச் சண்டைகளைவிட லாபம்.

நாவலை ஆட்டமாக்கும் சரியான வழியை 'அஸூர் பாண்ட்ஸ்' காட்டியது. கேட் நோவக்கும் ஜெஃப் கிரப்பும் எழுதிய இந்த 1988 நாவலில், ஏலியஸ் என்ற வாள்வீராங்கனை விழித்தெழும்போது தன் கையில் நீல மாயக்குறிகள் இருப்பதைக் காண்கிறாள். 1989-இல் வந்த ஆட்டத் தொகுதி அந்தக் குறிகளை ஆட்டக்காரர்களின் கைகளிலேயே பதித்துவிட்டது. நாயகியின் சிக்கல் இப்போது அவர்களுடையது. அதைத் தீர்க்கும் வழி மட்டும் அவர்கள் விருப்பம். எந்த நாவலை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இப்படி இடம் மாற்றக்கூடிய ஒரு சிக்கலைத்தான்.

பழைய நாவல்களை எடுக்கும்போது, பிறகு ஆட்ட விதிகளில் வந்த மாற்றங்களையும் கவனிக்க வேண்டும். 1990-இல் வந்த 'ஹோம்லேண்ட்' நாவலில், பாதாள நகரமான மென்சோபெரான்சனுக்குக் கடிகாரம் நார்பாண்டல் என்ற கல்தூண். தலைமை மந்திரவாதி தினமும் அதைச் சூடாக்குவார். வெப்பம் மேலேறுவதைக் கண்ணால் பார்த்து மக்கள் நேரம் அறிவார்கள். அன்றைய விதிகளில் அந்த நகரத்துக் கறுத்த எல்ஃப்களுக்கு வெப்பத்தைக் காணும் கண் இருந்தது. 2000-இல் வந்த ஆட்டத்தின் மூன்றாம் பதிப்போடு அது போய், இருளில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் பார்வை வந்துவிட்டது. நான் அந்தத் தூணை விடவில்லை. வெளியூர்க்காரர்கள் நேரம் அறிய அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வைத்தேன். கூட்டத்தில் யார் வேற்றாள் என்று காவலர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

உங்கள் குழுவில் நாவலை ஏற்கெனவே படித்தவர்கள் இருந்தால் தயங்க வேண்டாம். வில்லன் யார், மாயக்கல் எங்கே என்பதை மட்டும் மாற்றிவிட்டு, ஊரும் பகையும் தொழிலும் நூலில் உள்ளபடியே இருக்கட்டும். படித்தவர் ஊரறிந்த உள்ளூர்க்காரராக நடந்துகொள்வார். படிக்காதவர்களுக்கு அவரே வழி சொல்வார். சம்பவங்களை வரிசை மாறாமல் நடத்துவதுதான் ஆபத்து.

இப்போது அதே 'ஹோம்லேண்ட்' நாவலிலிருந்து ஒரு புதிய தொடராட்டத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அந்த நகரத்தில் ஒரு பிரபுக் குடும்பம் இன்னொன்றை ஒரே இரவில் அழித்துவிடலாம். குற்றம் சாட்ட அந்தக் குடும்பத்துப் பிரபு ஒருவர்கூட உயிரோடு மிஞ்சாவிட்டால் அது குற்றமே அல்ல. ஒருவர் தப்பிவிட்டாலோ, தாக்கிய குடும்பத்துக்கே அழிவு. ஆட்டக்காரர்கள் அழிந்த மாளிகையின் வேலைக்காரர்களாகத் தொடங்குவார்கள். உயிர்தப்பிய குழந்தை அவர்கள் கையில் இருக்கும். அதை நகரத்தின் ஆளும் சபைக்குக் கொண்டுபோவதா, விற்பதா, நகரத்தைவிட்டே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மூன்றுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.