பின் வீல் டிஸ்க் பிரேக் சத்தமா? பழைய காலிப்பருக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று பில் போடுகிறார்கள்

செங்கோட்டை – புனலூர் சாலையில் தினமும் மலையேறி இறங்கும் கார்காரர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். பின்பக்க இடது வீலில் கரகரவென்று சத்தம் என்று போன ஒரு காருக்கு, ஆரியங்காவு தாண்டி உள்ள ஓர் ஒர்க்‌ஷாப் இரண்டு டிஸ்க் (வீலோடு சுழலும் பிரேக் தட்டு), நான்கு பேடு (அந்தத் தட்டைப் பிடிக்கும் கட்டை), இரண்டு காலிப்பர் (பேடைத் தட்டின் மேல் அழுத்தும் பாகம்), ஒரு பேரிங் என்று பில் போட்டது. வீலைக் கழற்றவும் இல்லை, ஓட்டிப் பார்க்கவும் இல்லை. அதற்குள் "மொத்தமும் போச்சு" என்று முடிவு. ஓணத்துக்கு முன் செய்த வேலை இது. பொங்கலுக்குள் அதே வீலில் கீச் சத்தம் வந்துவிட்டது.

தென்காசியில் பிரித்துப் பார்த்தபோது நான்கு பேடுதான் உண்மையில் மாறியிருந்தது. காலிப்பர் பழையதே, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். தண்ணீர் புகாமல் மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் (boot) ஓரமெல்லாம் பெயின்ட். பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) உள்ள நிப்பிள் பெயின்ட்டுக்கு அடியில் துருவேறி இறுகிக் கிடந்தது. காலிப்பரை மாற்றினால் பிரேக் ஆயில் வரும் ஹோஸைக் கழற்றியே ஆக வேண்டும், நிப்பிளைத் திறந்து ஏர் எடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷரும் போட வேண்டும். அதில் எதுவுமே நடந்திருக்கவில்லை.

காசு போனதைவிட மோசமானது டிஸ்க் விஷயம். புதுசு என்று பில் போட்டது பழைய டிஸ்க்கை லேத்தில் கடைந்தது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். இதில் 8 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டர் வைத்தால் 7.6 காட்டியது. இவ்வளவு மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. கோணும், விரிசல் விடும். கோட்டவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் வளைவுகளில் இப்படி ஒரு டிஸ்க்கை நம்பிக் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள்.

உண்மையான கோளாறு ஸ்லைடு பின்னில் இருந்தது. பின் வீலில் வழக்கமாக ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர்தான். பிரேக் மிதித்தால் பிஸ்டன் உள் பேடைத் தள்ளும். காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வெளிப் பேடை இழுத்து வரும். பூட் கிழிந்து மழைத்தண்ணீர் உள்ளே போனால் இந்த ஸ்லைடு பின் துருப்பிடித்து ஜாம் ஆகும். பிறகு காலிப்பர் நகராது, உள் பேடு மட்டும் தேயும். இந்தக் காரில் உள் பேடு 2 மில்லிமீட்டர், வெளிப் பேடு 7. பேடு இந்த அளவுக்குத் தேய்ந்ததும் அதிலுள்ள சிறு தகடு டிஸ்க்கில் உரசி எச்சரிப்பதுதான் அந்தக் கீச். பின்னைச் சரிசெய்யாமல் புதுப் பேடு போட்டால் இதேதான் திரும்ப நடக்கும்.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். வேகத்தோடு கூடும் ஊஊ சத்தம், பிரேக் மிதித்தாலும் மாறாமல், வளைவில் மட்டும் மாறினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பிரேக்கை மெல்லத் தொட்டதும் மாறினால் பேடு, டிஸ்க் பக்கம் பாருங்கள். ஓயாமல் உரசும் சத்தம் திடீரென்று வந்தால், டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டில் கல் சிக்கியிருக்கலாம். கல்லை எடுத்துத் தகட்டை லேசாக நெளித்தால் போதும். பள்ளத்தில் கடகட என்றால் பேடைப் பிடித்திருக்கும் கிளிப் விட்டுப்போயிருக்கலாம். இரவு மழையில் நின்ற வண்டி காலையில் நாலைந்து பிரேக் வரை கரகரப்பது மேல்துரு. அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

ஸ்லைடு பின்னைப் பார்க்க, சமதளத்தில் நிறுத்தி முன் வீல்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்து வீலைக் கழற்றச் சொல்லுங்கள். உள், வெளி இரண்டு பேடையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஸ்லைடு பின், கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். துருவைச் சுத்தம் செய்து, பூட் மாற்றி, சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவ வேண்டும். வீல் பேரிங் கிரீஸ் போட விடாதீர்கள்; ரப்பர் உப்பி மறுபடியும் ஜாம் ஆகும். சில கார்களில் ஒரு பின்னில் மட்டும் ரப்பர் உறை இருக்கும், மேலும் கீழும் மாற்றிப் போடக் கூடாது. பின்னும் பூட்டும் சில நூறு ரூபாய்ச் சாமான்.

ஹேண்ட்பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கும் வண்டியில் பெரும்பாலும் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே உடையும். அப்புறம் நிஜமாகவே காலிப்பர் செலவு. எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடில் போட வேண்டும். இது தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

வேலை தொடங்குமுன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் பாருங்கள். கேரளப் பதிவு 32 என்றும் தமிழ்நாட்டுப் பதிவு 33 என்றும் தொடங்கும். கடை அடுத்த மாநிலத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடத் தேவையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் பேசிப் பார்க்கலாம். மைக்ரோமீட்டர் அளவு, டிஸ்க்கில் பொறித்த எண், பூட்டில் ஒட்டிய பெயின்ட் மூன்றையும் மறுபடி பிரேக் வேலை பார்க்கும் முன்பே படமெடுத்து வையுங்கள்.