மின்சைக்கிளுக்கு யூ-லாக்கா, சங்கிலியா?

டர்பனில் மின்சைக்கிள் வாங்கிய கையோடு நம் ஆட்கள் கேட்பது இதைத்தான்: வண்டியைப் பூட்ட யூ-லாக் (U வடிவ எஃகுப் பூட்டு) நல்லதா, சங்கிலிப் பூட்டு நல்லதா? ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெல்லிய கேபிள் பூட்டு வேண்டவே வேண்டாம். சின்ன கட்டர் போதும், நொடியில் அறுந்துவிடும்.

எடை: யூ-லாக் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. 14 மில்லிமீட்டர் சங்கிலி என்றால் நான்கு கிலோவைத் தாண்டும். தினமும் தூக்கிச் சுமக்க முடியாது.

உறுதி: தடித்த, கடினமாக்கிய எஃகு என்றால் இரண்டுமே போல்ட் கட்டருக்கு மசியாது. எஃகை அறுக்கும் கிரைண்டர் மெஷினுக்கு இரண்டுமே கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஆனால் சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. திருடர்கள் தரையில் கட்டரின் ஒரு கைப்பிடியை ஊன்றி, மறு கைப்பிடியில் முழு உடல் எடையையும் போட்டு அழுத்துவார்கள். இழுத்து, சைக்கிளின் சட்டத்தோடு (ஃபிரேம்) உயரமாகக் கட்டுங்கள்.

வசதி: மின்சைக்கிளின் சட்டம் பருமன், அதனால் சின்ன யூ-லாக் சுற்றி வராது. வாங்கும் முன் சைக்கிளில் மாட்டிப் பாருங்கள். சங்கிலியோ கேட், தூண் என எதிலும் வளைந்து கொடுக்கும்.

பராமரிப்பு: கடற்கரை உப்புக்காற்றில் சாவித்துளை துருப்பிடிக்கும். இரண்டுக்கும் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

சாட்ஸ்வொர்த் வீட்டு முற்றத்தில் இரவெல்லாம் நிற்கும் வண்டிக்குச் சங்கிலிதான் சரி. அது அங்கேயே கிடக்கட்டும். கடை, வேலை என்று போகிறவர்களுக்கு யூ-லாக். அப்புறம், எங்கே நிறுத்தினாலும் பேட்டரியைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். வண்டியில் விலை உயர்ந்த பாகமே அதுதான்.