உடைந்த ராட்செட்டை யார் வாங்கிக்கொள்வார்கள்? கைக்கருவி வாரண்டியில் 16 ஆண்டு அனுபவம்

செங்கல்பட்டுப் பக்கம் கார் பழுதுபார்க்கும் பட்டறை தொடங்கி 16 ஆண்டுகள் ஆகின்றன. ஸ்பானர், சாக்கெட் (போல்ட் தலையில் மாட்டும் குழல்), ராட்செட் (சாக்கெட்டை மாட்டி ஒரு பக்கமாக மட்டும் திருப்பும் கைப்பிடி), கட்டிங் பிளேயர், டார்க் ரென்ச் (வைத்த அளவு முறுக்கு வந்ததும் கிளிக் அடிக்கும் ரென்ச்) என்று சுவரிலும் டிராயரிலுமாக 300 உருப்படிக்கு மேல் இருக்கும். ஒரு கருவி எப்படி உழைக்கிறது என்று எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது உடைந்த பிறகு செய்து விற்ற கம்பெனி எப்படி நடந்துகொண்டது என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. கைக்கருவியை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம்.

கம்பெனிகளின் பெயரை நான் எழுதவில்லை. ஒரே கம்பெனியின் பொருளுக்கு எங்கள் ஊர் டீலர் ஒரு பதிலும் அடுத்த ஊர் டீலர் வேறு பதிலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெயரைப் போட்டால் டீலரின் குணம் கம்பெனியின் தலையில் ஏறிவிடும்.

ராட்செட்டிலிருந்து தொடங்குகிறேன். 2015-இல் அரை அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை), 72 பல் கொண்ட ராட்செட் ஒன்று வாங்கினேன். 72 பல் என்றால் ஒவ்வொரு கிளிக்குக்கும் கைப்பிடியை 5 டிகிரி நகர்த்தினால் போதும்; 36 பல்லுக்கு 10 டிகிரி வேண்டும். இன்ஜின் அறையின் இடுக்கில் கை வைக்கிறவர்களுக்கு அந்த 5 டிகிரியின் அருமை தெரியும். டப்பாவின் மேல் 'வாழ்நாள் வாரண்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மற்றதைவிட ஒன்றரை மடங்கு விலை. அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் கொடுத்தேன்.

நான்காம் ஆண்டு, சஸ்பென்ஷன் போல்ட் ஒன்றை முறுக்கும்போது பல் தாண்டியது. முழுப் பலத்தோடு இழுக்கும் நேரத்தில் ராட்செட் பல் தாண்டினால் கை நேராக எதிரே இருக்கும் இரும்பில்தான் போய் மோதும். இரண்டு விரல் முட்டிகள் கிழிந்தன. கட்டுப் போட்டுக்கொண்டு பில்லைத் தேடி எடுத்தேன். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் அது வெப்பத்தில் அச்சாகும் தாள். நான்கு கோடையில் எழுத்தெல்லாம் மறைந்து, மடிப்பின் ஓரத்தில் இரண்டு இலக்கங்களின் சாம்பல் நிழல் மட்டும் மிஞ்சியிருந்தது.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். புகைப்படம் கேட்டார்கள், அனுப்பினேன். பில் கேட்டார்கள், நிலைமையைச் சொன்னேன். விற்ற கடையில் நகல் வாங்கச் சொன்னார்கள்; அந்தக் கடையை மூடி ஓராண்டு ஆகியிருந்தது. ஆறு வாரங்களில் ஏழு முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்தார், கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. கடைசியில் வந்த பதில்: ராட்செட்டின் உள்பாகம் தேயும் பொருள், அதற்கு வாரண்டி பொருந்தாது. சரி, உள்பாகத்தை விலைக்காவது தாருங்கள் என்றேன். தனியாக விற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கைப்பிடியில் ஒரு கீறல் இல்லை, தலையில் ஒரு விரிசல் இல்லை. உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு துண்டு தேய்ந்ததற்காக முழு ராட்செட்டும் பழைய இரும்புக்குப் போனது. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

அதே சுவரில் இன்னொரு ராட்செட் தொங்குகிறது. பட்டறை தொடங்கிய ஆண்டு வாங்கியது, 36 பல், பார்வைக்குச் சாதாரணம். டப்பாவில் வாழ்நாள் என்ற பேச்சே கிடையாது. பத்து ஆண்டுகள் ஓடிய பிறகு அதுவும் வழுக்கத் தொடங்கியது. ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கைப்பிடியில் அடித்திருந்த இலக்கங்களைத் துணியால் துடைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி, உள்சாமான் செட் வரும்" என்றார்.

"பில் வேண்டுமா அண்ணாச்சி?"

"எதற்கு? காசு கொடுத்துத்தானே வாங்கப்போகிறீர்கள்."

வந்தது. சின்ன பாலிதீன் உறைக்குள் பல்சக்கரம், அதைக் கவ்வும் நாக்கு, இரண்டு ஸ்பிரிங், ஒரு குண்டு, ஒரு சர்க்கிளிப். 180 ரூபாய். மூடியைக் கழற்றினால் உள்ளே பழைய கிரீஸ் தார்போல் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிய பிறகு நாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் நான்கு பற்களில் மூன்று முனை மழுங்கி உருண்டிருந்தன. புதியதை வைத்து மூட 15 நிமிடம் ஆகியிருக்காது. இன்னொரு முறை 2023-இல் மாற்றினேன். இன்றைக்கும் அந்த ராட்செட்தான் என் வலது கை. (ராட்செட் வைத்திருப்பவர்களுக்கு: உள்ளே கெட்டியான கிரீஸை அப்பாதீர்கள். நாக்கு பல்லுக்குள் முழுதாக விழாமல் அது தடுக்கும். மெல்லிய எண்ணெய் நான்கு சொட்டுப் போதும். வழுக்குகிற ராட்செட்டில் பாதி, கழுவினாலே சரியாகிவிடும்.)

அதிலிருந்து கருவி வாங்கப் போனால் எத்தனை ஆண்டு வாரண்டி என்று நான் கேட்பதில்லை. உள்சாமான் கிடைக்குமா, யார் வரவழைத்துத் தருவார்கள் என்றுதான் கேட்கிறேன். கடைக்காரர் தயங்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுவேன். 'வாழ்நாள்' என்ற சொல்லுக்குப் பல கம்பெனிகள் சொல்லும் பொருள் கருவியின் பயன்பாட்டு ஆயுள். அந்த ஆயுள் முடிந்ததா இல்லையா என்று தீர்மானிப்பதும் அவர்களே. வாங்குகிறவர் தன் வாழ்நாள் என்று நினைத்துக்கொள்கிறார். உதிரிப்பாகத்தில் இந்த மயக்கம் இல்லை. கிடைக்கும், அல்லது கிடைக்காது.

கம்பெனிகளைக் குறை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. ஒருமுறை 19 எம்.எம். சாக்கெட் ஒன்று வாங்கிய மூன்றாம் வாரமே இரண்டாகப் பிளந்தது. உடைந்த முகத்தைக் கவனித்துப் பார்த்தேன். பாதி பளபளவென்று புது வெள்ளியாக இருந்தது. மீதிப் பாதி கருநீலம் பாய்ந்து மங்கியிருந்தது. இரும்புத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும்போதே விரிசல் விழுந்து, மறுபடி சூடுபடுத்தியபோது அந்த விரிசலுக்குள் நிறம் ஏறியிருக்கிறது. மேலே குரோம் முலாம் அதை மறைத்துவிட்டது. அதாவது என் கைக்கு வரும் முன்பே அது பாதி உடைந்த சாக்கெட். அந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்து, பில்லின் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே அவர்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்தார். துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம், அனுப்பிவையுங்கள், எந்தத் தொகுதியில் இந்தக் குறை வந்தது என்று பார்க்க வேண்டும் என்றார். கூரியர் செலவும் அவர்களுடையது. ஒன்றுக்கு இரண்டு சாக்கெட் வந்தன. உடைந்த துண்டைக் கேட்டு வாங்கும் கம்பெனி மேல் எனக்கு மதிப்பு அதிகம். அடுத்ததை ஒழுங்காகச் செய்யும் எண்ணம் இருக்கிறவர்கள்தான் கேட்பார்கள்.

என் கோரிக்கையை நிராகரித்ததும் உண்டு, சரியாகவே நிராகரித்தார்கள். பழகவந்த பையன் கட்டிங் பிளேயரில் ஸ்பிரிங் கம்பியை நறுக்கி வாயில் பிறை வடிவில் ஒரு பள்ளம் வரவைத்துவிட்டான். இது தவறான பயன்பாடு என்று டீலர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். அதேபோல் ஸ்பானர் கைப்பிடியில் பைப் மாட்டி இழுப்பது. நம் பட்டறைகளில் இதைச் செய்யாதவர்கள் இல்லை. வாய் விரிந்து கைப்பிடி வளைந்த ஸ்பானரைக் கொண்டுபோனால் அதன் உருவமே நடந்ததைச் சொல்லிவிடும். குரோம் பூசிய கை சாக்கெட்டை, அடித்து அடித்துத் திருப்பும் இயந்திரமான இம்பாக்ட் கன்னில் மாட்டி உடைப்பதும் இதில் சேரும். கன்னுக்கென்று கருப்பு நிறத்தில் கனமான சாக்கெட் தனியாக வருகிறது, அதைத்தான் மாட்ட வேண்டும். உடைந்து தெறிக்கும் சாக்கெட் துண்டு கண்ணை எடுத்துவிடும் என்பதால் வாரண்டியைவிட இது பெரிய விஷயம்.

டார்க் ரென்ச்சின் கதை வேறு. பழைய மாடல் கார் ஒன்றுக்கு ஹெட் போல்ட் முறுக்கி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் கேஸ்கட் ஓரம் எண்ணெய் கசிந்து வண்டி திரும்பி வந்தது. வாடிக்கையாளரிடம் காசு வாங்காமல் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். நண்பரின் ரென்ச்சோடு ஒப்பிட்டபோதுதான் என்னுடையது முன்கூட்டியே கிளிக் அடிப்பது தெரிந்தது. கம்பெனியை அழைத்தேன். எடுத்த பெண்மணி பில்லைப் பற்றிக் கேட்கும் முன் கேட்டது இது: "வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைக்கிறீர்களா, வைத்த அளவிலேயே விட்டுவிடுகிறீர்களா?" விட்டுவிடுகிறோம் என்றேன். ஸ்பிரிங் அழுத்தத்திலேயே கிடந்து தளர்ந்திருக்கும் என்று விளக்கினார். ஐ.எஸ்.ஓ. 6789 தரவிதிப்படி 5,000 முறை பயன்படுத்தியதும், அல்லது 12 மாதம் ஆனதும், எது முதலில் வருகிறதோ அப்போது காலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) பார்க்க வேண்டும் என்றும், அது வாரண்டியில் வராது, கட்டணம் உண்டு என்றும் ஒளிக்காமல் சொன்னார். விற்கும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ரென்ச் அறிக்கையோடு வந்தது. இரண்டு பத்திகள்: கைக்கு வந்தபோது காட்டிய அளவு, சரிசெய்த பின் காட்டும் அளவு. 100 நியூட்டன் மீட்டருக்கு வைத்தால் 91-தான் கொடுத்துக்கொண்டிருந்தது. 4 சதவீதம் வரைதான் விலகல் இருக்கலாம். என்னுடையது 9 சதவீதம். 1,400 ரூபாய் வாங்கினார்கள். காசு கொடுத்தும் மனநிறைவாக இருந்த சேவை இது. ஒரு குறை, அந்த மூன்று வாரம் கையில் ரென்ச் இல்லை. மாற்றாக ஒன்று கொடுத்து வாங்கும் வழக்கம் இருந்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும். நான் இரண்டாவது ஒன்று வாங்கவேண்டியதாயிற்று.

சிறிய கம்பெனி என்றால் சேவை இருக்காது என்றும் எண்ண வேண்டாம். நம் நாட்டில் கைக்கருவி செய்யும் பெரிய கேந்திரம் பஞ்சாபின் ஜலந்தர். அங்கிருந்து வந்த பெஞ்ச் வைஸ் ஒன்றில் தாடைத் தகடு சொரசொரப்பு போய் வழுவழுப்பாகிவிட்டது. டப்பாவில் இருந்த எண்ணை அழைத்தேன், முதலாளியே எடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. படத்தை அனுப்பினேன், பன்னிரண்டாம் நாள் ஒரு ஜோடித் தகடும் நான்கு திருகுகளும் தபாலில் வந்து சேர்ந்தன.

வாரண்டி பேச்சு வந்தால் பலரும் அமெரிக்காவின் கிராஃப்ட்ஸ்மன் கருவிகளை உதாரணம் காட்டுவார்கள். சியர்ஸ் என்ற கடைத்தொடரின் சொந்தப் பிராண்ட் அது, 1927-இல் தொடங்கியது. உடைந்த ஸ்பானரைக் கடையில் நீட்டினால் பில் கேட்காமல் புதிது கொடுப்பார்கள் என்பது அதன் பெருமை. சியர்ஸ் நொடித்தது, 2017-இல் அந்தப் பிராண்டை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது, 2018-இல் சியர்ஸ் திவால் மனு போட்டது. ஊர் ஊராகக் கடைகள் மூடப்பட்டபோது, உடைந்த ஸ்பானரோடு போய் நிற்பதற்கு அந்த மேசை இல்லாமல் போனது. எங்கள் ஊர்க் கடை மூடியபோது எனக்கு நடந்ததும் அதுதான்.

கடைசியாக ஒன்று, இது தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். "நீங்கள் தொழிலுக்காக வாங்கியிருக்கிறீர்கள், நுகர்வோர் ஆகமாட்டீர்கள்" என்று, ஒரு பைப் ரென்ச்சுக்காக அழைத்தபோது கம்பெனி ஊழியர் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் சொன்னார். அது தவறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குவதை விலக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவர் அந்த விலக்கில் வரமாட்டார் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. மெக்கானிக், எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் எல்லாரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். நான் இருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நான் ஆணையம்வரை போனதில்லை. 1915 என்ற எண்ணில் புகார் பதிவு செய்த ஒன்பதாம் நாள் அதே கம்பெனியின் வேறொரு அதிகாரி அழைத்து, அந்தப் பைப் ரென்ச்சை மாற்றிக் கொடுத்தார்.

புதிய கருவி வந்தால் இப்போது முதல் வேலை, பில்லையும் டப்பாவில் அச்சிட்டிருக்கும் முகவரி, புகார் எண், தயாரித்த மாதம் எல்லாவற்றையும் படமெடுத்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வது. பொதியின் மேல் அந்த விவரங்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாத டப்பாவை நான் தொடுவதே இல்லை. ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் பிரபலப் பெயர்களையும் தொடுவதில்லை. அப்படி வாங்கிய ஒரு செட்டை டீலரிடம் காட்டியபோது, கைப்பிடியில் அடித்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எங்கள் பொருளே இல்லை என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிளேயர் வாயில் பள்ளம் போட்ட பையன் இப்போது தனியாக வேலை செய்யும் அளவுக்கு வந்துவிட்டான். போன மாதம் தனக்கென்று முதல் சாக்கெட் செட் வாங்க அண்ணாச்சி கடைக்குப் போனோம். இரண்டு செட்டுகளை எடுத்து வைத்தார். விலையைக் கேட்கும் முன் அவன் கேட்டான்: "அண்ணாச்சி, இதில் எதற்கு ராட்செட் உள்சாமான் தனியாக வரும்?" அவர் இடது பக்கம் இருந்ததைத் தொட்டுக் காட்டினார். அதையே வாங்கினோம்.