குறுங்குதிரைப் போட்டி வண்டிகள்: இரு சக்கரமா, நான்கு சக்கரமா?

மினியேச்சர் குதிரை எனப்படும் குறுங்குதிரையைக் காட்சி அரங்கில் ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், டிரெஸ்ஸாஜ் (வரையறுத்த அசைவுகளை அரங்கில் செய்துகாட்டுவது), மாரத்தான் (தடைகள் நிறைந்த வெளித்தட ஓட்டம்), கூம்புப் பாதை (கூம்புகளுக்கு நடுவே ஓட்டுவது) என மூன்று கட்டங்கள் கொண்ட கூட்டு வண்டியோட்டப் போட்டிக்கும் கொண்டுபோக விரும்புகிறவர், எந்த வண்டியை வாங்குவது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. கிடைக்கும் வண்டிகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். இரும்புக் குழாயால் செய்து, ஈஸி என்ட்ரி என்ற பெயரில் விற்கப்படும் எளிய இரு சக்கர வண்டி முதல் வகை. மெல்லிய கம்பி ஆரங்களும் மெருகேற்றிய மர ஏர்க்கால்களும் (குதிரையின் இருபுறமும் நீளும் தண்டுகள்) கொண்ட காட்சி வண்டி இரண்டாவது. இருக்கையையோ அச்சையோ நகர்த்திப் பாரத்தைச் சரிசெய்துகொள்ளக்கூடிய, தாழ்ந்த இருக்கையுள்ள இரு சக்கரப் போட்டி வண்டி மூன்றாவது. சிறிய அளவில் கட்டப்பட்ட நான்கு சக்கர மாரத்தான் வண்டி நான்காவது. நான் வாங்கியது மூன்றாவதை. வாங்கி ஓட்டிய பின்னும் என் சாய்வு அதன் பக்கமே இருக்கிறது என்பதால், கீழே அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தப் போட்டிக்கு என்பதைத் தீர்மானிக்காமல் வண்டியைத் தேடுவதில் பயனில்லை. 1978-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம், பிடரி மயிர் முடியும் இடத்தில் அளக்கப்படும் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டாத குதிரைகளையே ஏற்கிறது. அமெரிக்க ஷெட்லாண்ட் போனி கிளப் நடத்தும் பதிவேடு 38 அங்குலம் வரை இடமளிக்கிறது. இவற்றின் காட்சி வகுப்புகள் சமப்படுத்திய அரங்குக்குள் நடப்பவை. நடையின் அழகும் கழுத்தின் நிமிர்வும் அங்கே எடைபோடப்படுகின்றன. கூட்டுப் போட்டி வேறொரு உலகம். இளவரசர் பிலிப் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த காலத்தில் வடிவம் பெற்ற இப்போட்டி, பெரிய குதிரைகளுக்காக உருவானது. அமெரிக்க வண்டியோட்டச் சங்கத்தின் விதிகள் 99 செ.மீ. உயரம் வரையுள்ளவற்றை மிகச் சிறிய குதிரைகள் என்று தனியே வகைப்படுத்தி, அவற்றுக்கும் அதில் இடம் கொடுத்தன. சரிவு, சேறு, வேர் துருத்திய தடம், மரக்கட்டைகளுக்கு நடுவே குறுகலான திருப்பம் ஆகிய அனைத்தும் மாரத்தானில் வரும். அரங்கில் குறையே தெரியாத வண்டி அங்கே வேறு முகம் காட்டும்.

காட்சி வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தன் இடத்தில் மிக நேர்த்தியானது. காட்சி வகுப்புகள் மட்டுமே இலக்கு என்றால் வேறெதையும் பார்க்கத் தேவையில்லை. மாரத்தானுக்கு அது ஆகாது என்பதற்கு அதன் சக்கரமே காரணம். சைக்கிள் திரும்பும்போது சாய்ந்துகொள்வதால் அதன் மெல்லிய ஆரங்களின் மேல் பாரம் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே இறங்குகிறது. குதிரை வண்டி சாய்வதில்லை, ஆகவே வேகமான திருப்பத்தில் முழு விசையும் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மெல்லிய ஆரச் சக்கரம் இதைத் தாங்காமல் எட்டு வடிவில் கோணிப்போகும். ஈஸி என்ட்ரி வண்டிகள் பலவற்றிலும் இதே வகைச் சக்கரங்கள் வருகின்றன. ஆனால் அவற்றைக் கழற்றி, தடித்த ஆரங்களோ முழு எஃகு வட்டமோ உள்ள சக்கரங்களை மாட்ட முடிவதால், அக்குறையைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது முன்பாரம் பின்பாரம் என்ற ஒரே விஷயம். வண்டியின் எடை எத்தனை கிலோ என்று விசாரிக்காமல் யாரும் வாங்குவதில்லை. அந்த எடை அச்சுக்கு முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று விசாரிப்பவர்கள் குறைவு. இரு சக்கர வண்டி அச்சின் மேல் தராசுபோல நிற்கிறது, அதன் முன்முனையைக் குதிரையின் முதுகு ஏந்திக்கொள்கிறது. பெரிய குதிரைக்கு இதில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. குறுங்குதிரையின் நிலை வேறு, ஏனென்றால் குதிரையும் வண்டியும் சிறுத்திருக்கின்றனவே தவிர ஓட்டுகிறவர் சிறுக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். அச்சிலிருந்து ஏர்க்காலைத் தாங்கும் வார் வளையம் வரை 130 செ.மீ. என்றும், ஓட்டுகிறவரின் எடை 75 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். அவர் உட்காரும் இடம் சமநிலையிலிருந்து வெறும் 10 செ.மீ. முன்னே தள்ளியிருந்தால், குதிரையின் முதுகில் கூடுதலாக இறங்கும் பாரம் ஏறத்தாழ 6 கிலோ. 90 கிலோ எடையுள்ள குதிரைக்கு அந்த 6 கிலோ, 500 கிலோ எடையுள்ள பெரிய குதிரையின் முதுகில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றியதற்குச் சமம். அதுவும் அசையாமல் கிடக்கும் பாரமல்ல; டிராட் எனும் துள்ளு நடையில் ஒவ்வொரு அடிக்கும் எழும்பி விழும் பாரம். சில நாள் ஓட்டத்திலேயே சேணத்தின் கீழ் முடி கலைந்து, தொட்டால் முதுகைத் தாழ்த்திக்கொள்ளும் குதிரையைப் பார்த்தால், காரணத்தைச் சேணத் தோலிலும் மெத்தையிலும் தேடுவதற்கு முன்பு இங்கே தேடுவது நல்லது. பின்பாரமும் நல்லதல்ல. ஏர்க்கால்கள் மேலெழும்பி, வயிற்றுவாரை நெஞ்சுக்கூட்டின் கீழிருந்து இறுக்கும். ஏற்றத்தில் இது இன்னும் கூடும்.

சமதரையில் சரியாக இருக்கும் பாரம் சரிவில் மாறும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஓட்டுநரின் உடல் மையம் அச்சுக்கு 60 செ.மீ. மேலே இருந்தால், பத்துக்கு ஒன்று என்ற இறக்கத்தில் அது 6 செ.மீ. முன்னே நகர்ந்து மூன்றரை கிலோ முன்பாரத்தைச் சேர்க்கிறது. அதே மையம் 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஐந்து கிலோவுக்கு மேல் சேரும். தாழ்ந்த இருக்கையை நான் வலியுறுத்துவதற்கு வண்டி கவிழாது என்பதைவிட இதுவே முதன்மையான காரணம். ஏர்க்காலின் உயரமும் இதே கணக்கில்தான் அடங்கும். 38 அங்குலக் குதிரைக்குக் கட்டிய வண்டியில் 32 அங்குலக் குதிரையைப் பூட்டினால் ஏர்க்கால் தாழ்கிறது, தாழும் ஏர்க்கால் இருக்கையையும் முன்னே சாய்க்கிறது; வளையம் இருக்கும் இடத்தில் 10 செ.மீ. தாழ்ந்தாலே மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான முன்பாரம் கூடிவிடும். குறுங்குதிரைக்கானது என்று பொதுவாக எழுதி விற்கப்படும் ஈஸி என்ட்ரி வண்டிகளில் பல, இருக்கையும் ஏர்க்காலும் ஓரிடத்தில் பற்றவைக்கப்பட்டே வருகின்றன. அவை ஒரு குறிப்பிட்ட உயரமுள்ள குதிரைக்கும் ஒரு குறிப்பிட்ட எடையுள்ள ஆளுக்கும் பொருந்தலாம். அந்த இருவரும் உங்கள் வீட்டில் இருந்தால் நல்லது.

என் வண்டியில் இருக்கை ஒரு தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்து, துளைகளில் செருகும் ஊசிகளால் பூட்டிக்கொள்கிறது. ஏர்க்கால் வண்டியோடு சேரும் இடத்திலும் உயரத்தை மாற்றலாம். சோதிக்கும் முறை எளியது. குதிரையைப் பூட்டாமல், ஓட்டுகிறவர் கையில் கடிவாள வாரைப் பிடித்து வழக்கம்போல் அமர்ந்துகொள்ள, இன்னொருவர் ஏர்க்கால்களைக் குதிரை தாங்கும் உயரத்தில் பிடித்து, வார் வளையம் வரும் இடத்தில் இரண்டு விரல்களால் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு கிலோ விரலில் தெரிய வேண்டும். அதற்கு மேல் கனத்தால் இருக்கையை ஒரு துளை பின்னே தள்ளலாம். பிறகு பூட்டி ஓட்டும்போது, ஏர்க்கால் வளையத்துக்குள் மேலும் கீழும் ஒட்டாமல் மிதப்பதை அருகில் நடந்துவருகிறவர் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியும். வீட்டில் 55 கிலோ எடையுள்ள ஒருவரும் 80 கிலோ எடையுள்ள ஒருவரும் மாறி மாறி ஓட்டும்போதும், வேறொரு குதிரைக்கு மாறும்போதும் இதே வண்டி போதும். மறுவிற்பனையில் இந்த வகை எளிதில் கைமாறுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வாங்குகிறவரின் குதிரை என்ன உயரமாக இருந்தாலும் பொருத்திக்கொள்ளலாம் அல்லவா?

இதற்கும் குறைகள் உண்டு. நகரும் பாகங்கள் தேய்ந்து ஆடத் தொடங்கும். ஊசிகளையும் திருகாணிகளையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் கையால் பார்க்க வேண்டும், சேறு படிந்த தண்டவாளத்தை அன்றே கழுவ வேண்டும். வேகமான திருப்பத்தில் இரு சக்கர வண்டி ஒரு சக்கரத்தைத் தூக்கும் சாத்தியம் எப்போதும் உண்டு. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டினால் இது குறையும், ஆனால் தடைக்களத்தில் கட்டைகளுக்கு நடுவே நுழைவது கடினமாகும். கூம்புப் பாதையில் அகலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வண்டியின் சக்கர அகலத்தை அளந்து, அதோடு விதி அனுமதிக்கும் இடைவெளியைச் சேர்த்தே கூம்புகளை வைக்கிறார்கள். அங்கே கூம்பின் மேல் வைத்த பந்தைத் தட்டிவிட்டால் வரும் தண்டப் புள்ளிகளுக்கு வண்டியைக் குறை சொல்ல முடியாது.

நான்கு சக்கர வண்டியின் பெரிய பலம், முதுகுப் பாரம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை என்பது. ஏர்க்கால்கள் கீலில் தொங்குவதால் அவற்றின் சொந்த எடை மட்டுமே குதிரையின் மேல் வரும். பிரேக் இருக்கும், இறக்கத்தில் அது குதிரையின் பின்தொடைக்குப் பெரிய உதவி. இரட்டைக் குதிரை ஓட்டுகிறவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஒற்றைக் குறுங்குதிரைக்கு என்னைத் தயங்கவைப்பது இழுவை: வண்டியின் எடை கணிசமாகக் கூடுகிறது, மென்மையான மண்ணில் நான்கு சக்கரமும் சேர்ந்து அமிழ்கின்றன, சிறிய முன்சக்கரங்கள் பள்ளத்தை ஏறிக் கடப்பதற்குப் பதிலாக அதில் இறங்கி நிற்கின்றன. இரவல் வண்டியை உலர்ந்த தரையில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்பதால், நீண்ட மாரத்தானில் அது குதிரையை எவ்வளவு களைக்கவைக்கும் என்பதில் என் சொல்லை முடிவாகக் கொள்ள வேண்டாம். உடல் தேறிய, 38 அங்குலத்தை ஒட்டிய குதிரை வைத்திருப்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

டயரைப் பொறுத்தவரை, காற்றடித்தவை அதிர்வைக் குறைத்தாலும் முள்ளுக்கும் ஆணிக்கும் இரையாகும், மேல்நிலைப் போட்டிகளின் விதிகள் அவற்றை ஏற்பதுமில்லை. கெட்டி ரப்பர் போட்ட சக்கரத்தையும், அதிர்வை வாங்கிக்கொள்ள இருக்கைக்கு அடியில் நல்ல ஸ்பிரிங்கையும் கேட்டு வாங்குவது மேல்.

சேணத்தில் தோலா, பயோதேன் போன்ற செயற்கைப் பொருளா என்ற விவாதம் நீளமானது. மாரத்தானுக்குச் செயற்கை, டிரெஸ்ஸாஜுக்குத் தோல் என்று இரண்டும் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது, ஒன்றுதான் முடியும் என்றால் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடக்கூடிய செயற்கைப் பொருளே போதும். பொருளைவிட அமைப்பு முக்கியம். முதுகுச் சேணத்துக்குள் மரத்தாலோ உலோகத்தாலோ ஆன கூடு இருந்து, முதுகெலும்பின் மேல் வெளிச்சம் தெரியும்படி இடைவெளி விட வேண்டும். வெறும் பட்டையாக முதுகில் கிடப்பது இரு சக்கர வண்டிக்கு ஆகாது. ஏர்க்கால்களைத் தாங்கும் வார் சேணத்தின் ஊடாக இருபுறமும் வழுக்கி ஓடுவதாக இருந்தால், பக்கச் சரிவில் ஒரு ஏர்க்கால் உயரும்போது சேணம் திருகாது. மார்புவார் தோள்முனைக்கு மேலும் மூச்சுக்குழலுக்குக் கீழும் அமர வேண்டும்; குறுங்குதிரையில் அந்த இடம் மிகக் குறுகியது என்பதால், நடுவில் கீழிறங்கி வளைந்த மார்புவார் பெரும்பாலும் நன்றாகப் பொருந்துகிறது. மார்புவார் பூட்டும் வண்டியில் இழுவார் கட்டும் குறுக்குக் கட்டை நடுவில் சுழல வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் தோளைத் தேய்க்கும். வண்டி முன்னே உருண்டு வராமல் குதிரை தன் பின்புறத்தால் தடுக்க உதவும் பின்தொடை வார் இல்லாமல் காட்சி அரங்கில் ஓட்டலாம். பிரேக் இல்லாத வண்டியோடு இறக்கத்தில் இறங்குகிறவர் அதைக் கழற்றவே கூடாது. காட்சி வகுப்புகளில் பழக்கமான, தலையைத் தூக்கிப் பிடிக்கும் மேல்வார் கூட்டுப் போட்டியில் அனுமதிக்கப்படுவதில்லை. ஏற்றத்தில் குதிரை கழுத்தை நீட்டி இழுக்க வேண்டியிருப்பதால் அந்த விதி நியாயமானதே.

கடிவாளத்தின் வாய்க்கம்பியை வாங்கும்போது 9 செ.மீ. அகலத்தை ஒட்டித் தேடத் தொடங்கலாம், ஆனால் அகலத்தைவிடத் தடிமனைக் கவனிக்க வேண்டும். தடித்த கம்பி மென்மையானது என்பது பெரிய குதிரைக்குப் பொருந்தும் பேச்சு. குறுங்குதிரையின் தாடை சிறியது, பற்களோ அந்தத் தாடையின் அளவுக்குச் சிறியவையல்ல. நாக்கும் சேர்ந்து வாயை நிறைத்திருக்கும்போது தடித்த கம்பிக்கு அங்கே இடமே இருக்காது. உதட்டை விலக்கி, வாயை மூடிய நிலையில் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலால் உணர்ந்து பார்த்துவிட்டு, அதற்குத் தக்க மெல்லிய, நடுவில் நாக்குக்கு இடம்விட்டு வளைந்த கம்பியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.