செவர்லே 235 சிக்ஸ்: இரட்டைக் கார்புரேட்டரும் பிரித்த எக்ஸாஸ்ட்டும் வாங்கலாமா?

1954 செவர்லே பெல் ஏரின் ஆறு சிலிண்டர் இஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு வி8 மாட்டுவது சுலபமான வழி. அது தேவையே இல்லை. 235 கன அங்குல சிக்ஸில் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை செவர்லேயே 1953 கார்வெட்டில் காட்டிவிட்டது: மூன்று கார்ட்டர் கார்புரேட்டர், வேகமான கேம், இரட்டை எக்ஸாஸ்ட், 150 குதிரைத்திறன். அதே வழியில் கொஞ்ச தூரம் போக உதவுவதுதான் இரண்டு கார்புரேட்டர் மாட்ட இடம் தரும் ஆஃபன்ஹவுசர் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டும் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி), புகையை இரண்டாகப் பிரித்து வெளியே விடும் ஃபென்டன் வார்ப்பிரும்பு ஹெடரும் சேர்ந்த இந்த ஜோடி.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் ஹெடரை வாங்குங்கள். இந்த இஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-5-3-6-2-4. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று மாறி மாறி வெடிக்கும். முன் மூன்றையும் பின் மூன்றையும் தனித்தனிக் குழாயில் விட்டால் ஒவ்வொரு குழாயிலும் கிராங்க் 240 டிகிரி சுற்றுவதற்கு ஒரு துடிப்பு, துளியும் பிசகாமல் வரும். அந்தச் சத்தத்தின் அழகு அங்கிருந்துதான் பிறக்கிறது.

வாங்குமுன் ஆயில் சம்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே தொட்டிகளும், கனெக்டிங் ராடின் அடியில் எண்ணெய் அள்ளும் கரண்டிகளும் இருந்தால் அது பழைய பேபிட் (மென்மையான உலோகம் வார்த்த) பேரிங் இஞ்சின். 235-க்கு முந்தைய 216 கன அங்குல சிக்ஸ் எல்லாமே அப்படித்தான். 1953இல் கியர் வண்டிக்கு வந்த 235-உம் அதே ரகம். அதை உயர் சுற்றில் தொடர்ந்து ஓட்டினால் ராட் பேரிங் உருகும். முழு அழுத்த எண்ணெய் ஓட்டம் 1953 பவர்கிளைட் (செவர்லேயின் ஆட்டோமேட்டிக் கியர்) வண்டியில் தொடங்கி, 1954இல் எல்லாக் கார்களுக்கும் வந்தது. இந்த ஜோடி அதற்குத்தான் பொருத்தம்.

மாட்டும்போது பெரும்பாலும் தவறுவது ஃபிளாஞ்ச் (இஞ்சினோடு சேரும் விளிம்பு) தடிமனில். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ஒரே கிளாம்ப்தான் அழுத்துகிறது. இரண்டும் வேறு வேறு தயாரிப்பு என்பதால் ஒன்று சற்றுத் தடித்திருந்தாலும் கிளாம்ப் அதை மட்டும் பிடிக்கும், மற்றது காற்றை இழுக்கும். காலிப்பரால் அளந்து, தடித்ததை லேத்துப் பட்டறையில் சீவிச் சமன் செய்யுங்கள். இன்டேக் துளைகளில் இருக்கும் பொருத்து வளையங்களை விட்டுவிடாதீர்கள். ஐடிலிங்கில் இணைப்பின் மேல் தண்ணீர் தெளித்தால் சுற்று மாறுகிறதா? அங்கேதான் கசிவு.

இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாகத் திறக்கும் லிங்கேஜே சரி. ஒன்று முதலிலும் மற்றது பிறகும் திறக்கும் வகையில், தூரத்துச் சிலிண்டர்கள் பட்டினி கிடக்கும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்கி, காற்றோட்ட மானியால் இரண்டையும் சமப்படுத்துங்கள்.

பட்டியலில் பலர் சேர்க்க மறப்பது வெந்நீர்த் தகடு. பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் தன் சூட்டை இன்டேக்குக்குக் கொடுத்துவந்தது. ஹெடர் மாட்டியதும் அது போய்விடும். ஈரக்குளிரில் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் படியும், கார்புரேட்டரில் பனி கட்டும், சிக்னலில் வண்டி அணையும். ஹீட்டர் ஹோஸிலிருந்து கார்புரேட்டருக்கு அடியில் இன்டேக்குக்கு வெந்நீர் கொடுங்கள். முதல் சூட்டுக்குப் பிறகு, இஞ்சின் முழுவதும் ஆறியதும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள்.