ஸ்கேனரோடு நான்கு வருடம்: ஒரு வார்டு நர்ஸின் அனுபவம்

எங்கள் வார்டில் மருந்து கொடுக்க ஸ்கேனர் வந்து நான்கு வருடம் ஆகிறது. நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பார்கோடில் ஒரு பீப், மருந்து உறையில் ஒரு பீப். டாக்டர் கணினியில் போட்ட ஆர்டரோடு இரண்டும் பொருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

முதல் மூன்று மாதம் திட்டித் தீர்த்தேன். எட்டு மணி மருந்துச் சுற்று ஒன்பதரை வரை இழுத்தது. மனம் மாறியது ஒரு நைட் ஷிப்டில். ஆர்டரில் இருந்தது ஹைட்ராலசின், ரத்த அழுத்தத்துக்கு. நான் எடுத்தது ஹைட்ராக்சிசின், அரிப்புக்கு. இரண்டுமே 25 மில்லிகிராம். சிவப்பு வந்ததும் ஸ்கேனரில்தான் கோளாறு என்று நினைத்து இன்னொரு முறை காட்டினேன். மறுபடியும் சிவப்பு. அப்புறம்தான் உறையை எழுத்தெழுத்தாகப் படித்தேன். கை நடுங்கியது.

நரம்பு வழியாக மருந்தைச் சீராகச் செலுத்தும், வயர்லெஸ் இணைப்புள்ள இன்ஃப்யூஷன் பம்ப்பும் நல்ல காவல்காரன். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினுக்குப் புள்ளியை விட்டுவிட்டு 12.0 என்பதை 120 என்று தட்டினால் ஓட மறுக்கும். ஆனால் அதற்கு பம்ப்பில் உள்ள மருந்துப் பட்டியலில் ஹெப்பாரினைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் மணிக்கு இத்தனை மில்லி என்று வேகத்தை மட்டும் போட்டால், உள்ளே போவது எந்த மருந்து என்றே அதற்குத் தெரியாது.

குறை எது என்றால், எல்லோரும் சொல்லும் நெட்வொர்க் அல்ல, கைப்பட்டைதான். குளித்தால் நனையும், வியர்வையில் கோடு மங்கும். தூங்குகிறவரை எழுப்ப மனம் வராமல், பட்டையை இரண்டாவது பிரதி எடுத்து டிராலியில் ஒட்டி அதை ஸ்கேன் செய்கிற பழக்கம் தொடங்கியது. கணினியில் எல்லாம் பச்சை. மாத்திரை யார் வாய்க்குப் போனது என்பது யாருக்கும் தெரியாது. 2008-ல் அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு இப்படி 15 குறுக்குவழிகளைப் பட்டியலிட்டது. படித்தபோது சிரிப்பு வந்தது, பாதி நாங்கள் செய்ததுதான். திட்டியதால் அது நிற்கவில்லை. தண்ணீர் பட்டாலும் அழியாத பட்டை வந்த பிறகுதான் நின்றது.

எச்சரிக்கைகள் இன்னொரு தலைவலி. எதற்கெடுத்தாலும் திரையில் ஒரு பெட்டி திறந்தால் கட்டைவிரல் தானாக 'சரி'யை அழுத்தப் பழகிவிடும். மருந்தாளுநர் வேண்டாதவற்றைக் களைந்தபின் இப்போது வருவதை நின்று படிக்கிறேன்.

பேட்டரி மட்டும் இன்னும் சரியாகவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் கடைசிச் சுற்றில், சார்ஜ் உள்ள ஸ்கேனரைத் தேடிப் பக்கத்து வார்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம்.