94,000 ரூபாய் போச்சு: பழைய ‘ஜப்பான் ரீஇஷ்யூ’ கிட்டார் வாங்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

கோபத்துலதான் எழுதுறேன், முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்குங்க. 94,000 ரூபாய். வைகாசி, ஆவணி முகூர்த்தம் பூரா மேடை மேடையா மெல்லிசைக் கச்சேரி வாசிச்சுச் சேர்த்த காசு. அதைக் கொடுத்து வாங்கின எலெக்ட்ரிக் கிட்டார் இப்ப திருச்சியில சர்வீஸ் பண்ற அண்ணனோட மேஜை மேல உடம்பு வேற, நெக் (கையால பிடிச்சு வாசிக்கிற கழுத்துப் பகுதி) வேறயா கிடக்கு.

கடை பேரைச் சொல்ல மாட்டேன். புகார் கொடுக்கப் போறதால பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார். சென்னையில மாடிப்படி ஏறிப் போற, பழைய இசைக்கருவி வாங்கி விக்கிற கடை. இன்ஸ்டாகிராம்ல பளபளன்னு படம் போடுவாங்க. இதுக்கு மேல கமெண்ட்ல கேக்காதீங்க.

புது ரீஇஷ்யூவா (பழைய மாடலையே கம்பெனி திரும்பச் செஞ்சு விக்கிறது), பழசாங்கிற குழப்பம் எனக்கு ரொம்ப நாளாவே இருந்தது. வேண்டியது ஃபெண்டர் கம்பெனியோட 1962 மாடல் ஸ்ட்ராட்டோகாஸ்டர்: விரல் வைக்கிற ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட், கம்பியோட அதிர்வை எடுக்கிற சிங்கிள் காயில் பிக்கப் மூணு. அந்த வருஷமே செஞ்ச நிஜ கிட்டார் நமக்கெல்லாம் ஆகாது. 1965ல சிபிஎஸ்ங்கிற அமெரிக்க டிவி கம்பெனி கைக்கு ஃபெண்டர் போறதுக்கு முந்தின சரக்குன்னு சேகரிக்கிறவங்க பல லட்சம் கொட்டிக் கொடுப்பாங்க. மெக்ஸிகோவுல செய்யிற அறுபதுகள் மாடல் புதுசு இங்க லட்சத்தைத் தாண்டுது. இதுக்கு நடுவுல இருக்கிறதுதான் எண்பதுகள்ல ஜப்பான்ல செஞ்ச ரீஇஷ்யூ.

அது ஏன் பேர் வாங்குச்சுன்னா, எழுபதுகளோட கடைசியில டோக்காய், கிரெக்கோன்னு ஜப்பான் பிராண்டுகள் ஃபெண்டரோட பழைய மாடலை அச்சு அசலா செஞ்சு விலையும் கம்மியா வித்துட்டு இருந்தாங்க. அதைச் சமாளிக்க 1982ல ஃபெண்டர் ஜப்பான்லயே ஒரு கம்பெனி ஆரம்பிச்சது. கிரெக்கோவுக்குச் செஞ்சுகொடுத்த அதே ஃபுஜிஜென் தொழிற்சாலையில தன் கிட்டாரையும் செய்ய வெச்சது. 57, 62 மாடல் ரீஇஷ்யூ எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். ஆனா அத்தனையும் ஒரே தரம் இல்ல. எஸ்டி62-115, எஸ்டி62-55ன்னு மாடல் பேர் வரும். கடைசியில இருக்கிறது அன்னைக்கு ஜப்பான்ல வித்த விலை, ஆயிரம் யென் கணக்குல. 115ன்னா 1,15,000 யென். 55ன்னா அதுல பாதிகூட வராது. மரத்துலயும் பிக்கப்லயும் வித்தியாசம் இருக்கும், ஹெட்ஸ்டாக்ல (நெக்கோட தலைப்பகுதி) மட்டும் ரெண்டுக்கும் ஒரே பேர்தான். இந்த இடைவெளியிலதான் கடைக்காரன் பொழைப்பே ஓடுது.

“தம்பி, இது 115. ஜப்பான்ல ஒரு பெரியவர் வீட்டுல இருந்தது, நேரா நம்ம கடைக்கு வந்திருக்கு. நடுவுல ஒருத்தர் கை படல” அப்படின்னார். பழுப்பேறின வெள்ளை நிறம், கை உரசுற இடத்துல மட்டும் பெயிண்ட் மங்கியிருந்தது, பார்க்கவே அழகு. நெக்கை ஃப்ரெட் ஃப்ரெட்டா (குறுக்கே பதிச்ச உலோகக் கோடு) பார்த்தேன். சீரியல் நம்பரைப் போன்ல தட்டிப் பார்த்தேன், எண்பதுகளோட நடுப்பகுதின்னு சரியாவே வந்தது. உக்கார வெச்சு டீ வாங்கிக் கொடுத்தாங்க. ஆம்ப்ல ரிவர்ப் (எதிரொலி) ஏத்தி வெச்சிருந்தாங்க, சுகமா கேட்டது.

“அண்ணே, நெக்கைக் கழட்டிக் காட்டுங்க. பாடில நெக் உக்காருற குழியில மாடல் முத்திரை இருக்கான்னு பார்க்கணும்”னு கேட்டேன். கேட்டேன், நல்லா நினைவிருக்கு. அவர் முகம் கொஞ்சம்கூட மாறல. சிரிச்சுக்கிட்டே, “நாப்பது வருஷ ஸ்க்ரூ தம்பி. சும்மா சும்மா கழட்டினா மரத்துல பிடி போயிடும். உங்களை மாதிரி விவரமா கேக்குறவங்களுக்காகத்தான் வந்த அன்னைக்கே கழட்டிப் படம் எடுத்து வெச்சிருக்கேன்”னு டேப்லெட்டை நீட்டினார். குழி தெளிவா தெரிஞ்சது. முத்திரை இருந்தது. வெள்ளை பெயிண்டும் அதே பழுப்பு. ஸ்க்ரூவைப் பத்தி அவர் சொன்னதும் பொய் இல்ல, மரத்துல போட்ட ஸ்க்ரூவை அடிக்கடி கழட்டினா நிஜமாவே லூஸாகும். பாதி உண்மையை முன்னால வெச்சுப் பேசுறவன்கிட்ட யார்தான் என்ன பண்ண முடியும்? ஒரு லட்சத்துல ஆரம்பிச்சு 94,000ல முடிச்சோம். ஜிபேல அனுப்பினேன். பில்லுல “பழைய எலெக்ட்ரிக் கிட்டார் - 1”னு எழுதினாங்க. மாடல் பேர் போடச் சொன்னதுக்கு, “ஜிஎஸ்டி பில்லு தம்பி, சாஃப்ட்வேர்ல இவ்வளவுதான் வரும்.”

ஊருக்கு வந்து வாசிச்சா, பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல கம்பி எக்கச்சக்க உயரம். கம்பி உக்காருற பிரிட்ஜை இறக்கினா கரகரன்னு சத்தம். நெக் முன்பக்கமா வளைஞ்சிருந்தது, நெக்குக்குள்ள ஓடுற இரும்புக் கம்பி, ட்ரஸ் ராடை முறுக்கணும். 62 மாடல்ல ட்ரஸ் ராட் நட்டு ஹெட்ஸ்டாக் பக்கம் இருக்காது, நெக்கோட அடியில, பாடிக்குள்ள புதைஞ்சு இருக்கும். கழட்டாம முறுக்கவே முடியாது. சர்வீஸ் அண்ணன்கிட்ட கொண்டு போனேன்.

நாலு ஸ்க்ரூவை எடுத்து நெக்கைத் தூக்கினார். குழிக்குள்ள மடிச்ச அட்டைத் துண்டு ஒண்ணு. நெக் சாய்மானம் சரியா வர்றதுக்கு இப்படி எதையாவது அடியில வைக்கிறது உண்டு, அதுல தப்பில்ல. அண்ணன் சாமணத்தால எடுத்துப் பிரிச்சார். கல்யாணப் பத்திரிகை. மூலையில தடவின மஞ்சள் அப்படியே காய்ஞ்சு இருந்தது. “நிகழும் மங்களகரமான” வரைக்கும் படிக்க முடிஞ்சது, மீதியை வெட்டியிருந்தாங்க. ஜப்பான் பெரியவர் வீட்டுல இருந்து நேரா வந்த கிட்டாராம்! ஒருத்தர் கை படலையாம்!

குழியில முத்திரை கிடையாது. படத்துல பார்த்த குழி வேற, இது வேற. இதோட ஓரத்துல பெயிண்ட் உரிஞ்ச இடத்துல அடுக்கு அடுக்கா பிளைவுட் தெரியுது. பாடியை மூடியிருக்கிற பிளாஸ்டிக் தகடு, பிக்கார்டைக் கழட்டினார். மூணு பிக்கப்புக்கும் தனித்தனியா குழி இருக்க வேண்டிய இடத்துல குளம் வெட்டின மாதிரி ஒரே பள்ளம். பிக்கப்பைத் திருப்பினா அடியில ரெண்டு செராமிக் காந்தப் பட்டை பசை போட்டு ஒட்டியிருக்கு. அந்தக் காலத்து மாடல்ல கம்பிக்கு நேரா நிக்கிற ஆறு உருளையும் தானே காந்தம், அடியில பட்டைக்கே வேலை இல்ல. ஆரம்பப் பாடம் படிக்கிற பிள்ளைங்களுக்கு விக்கிற கிட்டாரோட பாடின்னு அண்ணன் சொல்றார். பழுப்பு வெள்ளை நேத்து அடிச்சது. நெக் மட்டும் ஜப்பான் நெக்தான், அதனாலதான் நம்பர் சரியா வந்தது. ஆனா அதுவும் செத்த நெக். ட்ரஸ் ராட் நட்டு கடைசி வரைக்கும் முறுக்கியாச்சு, இனி ஒரு இழைகூட நகராது. எவனோ தூக்கிப் போட்ட நெக்கை ஒரு பிளைவுட் பாடியில மாட்டி என்கிட்ட 94,000 ரூபாய் வாங்கியிருக்காங்க. எல்லாம் சேர்த்து 20,000 போனா பெரிசுங்கிறார் அண்ணன்.

போன் போட்டேன். முதல்ல குழைஞ்சு பேசினார். “சென்னையில இருந்து திருச்சி போயிருக்கு இல்ல, காத்து மாறினா நெக் வளையத்தான் செய்யும். ஒரு வாரம் பெட்டிக்குள்ள வைங்க, தானா சரியாகும்.” பிளைவுட்னு சொன்னதும் குரல் மாறுச்சு. “கழட்டினீங்களா? கழட்டினா எங்க பொறுப்பு இல்லையே தம்பி.” கழட்டாம முறுக்க முடியாத நெக் சார் அதுன்னேன். “அதை எங்ககிட்டதான் கொண்டு வந்திருக்கணும்.” பத்திரிகைத் துண்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்ல. அப்புறம் கடைப் பையன் ஒருத்தன் எடுத்து, “முதலாளி ஊர்ல இல்ல சார்”ன்னான். பின்னால முதலாளி இருமுறது கேக்குது.

விடாம பேசினப்புறம் வந்த பதில்தான் வயித்தெரிச்சல். அந்தத் துண்டை நானே வெச்சிருப்பேனாம். என் சர்வீஸ் அண்ணன் பாடியை மாத்தியிருப்பாராம். முப்பது வருஷமா தொழில் பண்றவரைத் திருடன்னு சொல்றான். கடைசியா பெரிய மனசு பண்ணி, “வேணும்னா வேற கிட்டார் தர்றேன், மேல 30,000 போட்டு எடுத்துக்குங்க” அப்படின்னார். 94,000க்கு மேல இன்னும் 30,000! போனை வெச்சுட்டேன். அதுக்கப்புறம் என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. இன்ஸ்டாகிராம்ல மட்டும் நேத்தும் ஒரு ‘ஜப்பான் 62’ படம் வந்திருக்கு, இந்தத் தடவை சிவப்பு.

பில்லுக்கு அடியில “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது”ன்னு அச்சடிச்சிருக்கு. அதைப் பார்த்து யாரும் பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கிறதே முறையற்ற வணிகம், பில்லுல காலம் எதுவும் போடலேன்னா 30 நாள்னு கணக்கு. நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்ல. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் பதிவு பண்ணியாச்சு. அண்ணன் தான் பார்த்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கார்.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விலாவாரியா எழுதணும்னுதான் உக்கார்ந்தேன். இப்ப பொறுமை இல்ல, இருக்கிறதைச் சொல்லிடுறேன். நாலு ஸ்க்ரூவை உங்க கண்ணு முன்னால கழட்டலேன்னா எழுந்து வந்துடுங்க, டேப்லெட் படமெல்லாம் வேண்டாம். சீரியல் நம்பர் நெக்குக்கு மட்டும்தான் சாட்சி, பாடிக்கு இல்ல. மரத்தோட ரேகை தெரியாத கெட்டிப் பெயிண்ட்னா பிக்கார்டையும் திறக்கச் சொல்லுங்க. ட்ரஸ் ராட் நட்டு ரெண்டு பக்கமும் நகருதான்னு பாருங்க. பில்லுல மாடல், வருஷம், சீரியல் நம்பர் மூணும் இல்லாம ஒரு ரூபாய் அனுப்பாதீங்க. இதுக்கெல்லாம் ஒத்துக்கிற கடை பக்கத்துல இல்லேன்னா புதுசையே வாங்குங்க, அழகு கொஞ்சம் குறைஞ்சாலும் கேக்கிறதுக்கு ஆள் இருக்கும்.

அந்தச் சிவப்பு கிட்டாருக்கு யாராவது அட்வான்ஸ் போட்டிருந்தா மீதியை அனுப்புறதுக்கு முன்னால எனக்கு இன்பாக்ஸ் பண்ணுங்க. அதே கடைதானான்னு படத்தைப் பார்த்துச் சொல்றேன்.